இத்தா வீட்டில் ஒரு கறுப்புத் துணுக்கு

ஸில்மியா மதினி என் மூத்த சகோதரர் ஸாஹிர் நானாவைக் கலியாணம் முடித்துப் பதுளைக்கு வந்தபோது, சீதனமாகக் கொண்டுவந்தது பாதி முடிந்த ஓர் ஆராய்ச்சி. ஓ.எல். பரீட்சைக் கணிதத்தில் இரண்டு தரம் விழுந்த எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: கடுகிலும் சிறிய கறுப்புத் துணுக்கு ஒன்று. இரண்டு வைரங்களுக்கிடையில் வைத்து நெரித்தால், மின்சாரம் துளியும் வீணாகாமல் அதில் ஓடும். நெரிப்பதை விட்டால் அந்தக் குணம் போய்விடும். மதினி அதைக் கடுங்குளிரில் வைத்துச் சட்டென்று நெரிப்பை விட்டுப் பார்த்தார். முப்பது முறை தோற்று, ஒரே ஒரு முறை குணம் தங்கியது. ஆனால் சூடு பட்டால் போச்சு.

"எங்கட உம்மாட நல்ல குணம் மாதிரி" என்றேன். நானா சிரித்தது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் பசறை வளைவில் நானாவின் மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் விழுந்தது. நானா மௌத்து.

புருஷனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா. அது முடியாமல் மதினி வெளியே போகவோ, துணுக்கைக் கொழும்பில் அளந்து நிரூபிக்கவோ முடியாது. துணுக்கு இருந்த குளிர்க் குடுவையை மட்டும் ஆய்வுகூடத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துத் தரச் சொன்னார். மாட்டுக்குச் சினை ஊசி போடும் மாடசாமி அண்ணன், மருந்தைக் குளிரில் வைக்கும் திரவ நைதரசனில் கொஞ்சத்தை வெள்ளிதோறும் வாசலில் கொண்டுவந்து தருவார். நான் வாங்கி ஊற்றுவேன்.

நானாவுக்காக ஓதிச் சோறு கொடுக்கும் நாற்பதாம் நாள் கத்தமும் ஒரு வெள்ளியில் வந்தது. சோறு பரிமாறும் அமளியில் எனக்குக் கிழமையே மறந்துபோனது. வீடு நிறையப் பெண்கள் இருக்கும்போது அந்நிய ஆண் வருவது சரியில்லை என்று உம்மா மாடசாமி அண்ணனை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான், சோற்றுப் பார்சலும் கொடுத்தாராம்.

திங்கள் காலை குடுவை காய்ந்து கிடந்தது. மதினி துணுக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா எட்டிப் பார்த்து, உடைந்துவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல மாமி. அப்படியேதான் ஈக்கிது."

உம்மா போனதும், அவர் மாடசாமி அண்ணனைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். மதினி துணுக்கைக் காய்ந்த குடுவைக்குள் திரும்பப் போட்டு மூடினார்.

"குணம் போனத மாமிக்குச் சொல்ல வாணாம். மகன் போய் நாப்பது நாள்தானே."

அடுத்த வெள்ளி உம்மாவே கேட்டைத் திறந்து, போன வாரத்துக்கும் சேர்த்து ஊற்றச் சொன்னார். மதினி தடுக்கவில்லை. இத்தா முடியும்வரை ஒவ்வொரு வெள்ளியும் நான் ஊற்றினேன். மதினி மூடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.