நாலு அங்குலக் கோடு

வாரத்தில் ஐந்து நாள் ஏழாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுவது. செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமை மதியம் வெஸ்ட்ரம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானம். ஐம்பத்தெட்டு வயது மார்லிஸ் டீகனின் வாழ்க்கை பத்தொன்பது ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது. மைதானத்தில் அவர் நிற்கும் இடம், எல்லைக்கோட்டை ஒட்டி, ஆட்டத்துக்கு மிக அருகில். ஆனால் கை தட்டக் கூடாது. சங்கிலிக் குழுவின் ஆரஞ்சு அங்கி உடம்பில் இருக்கும்வரை அவர் எந்த ஊர்க்காரரும் இல்லை.

குழுவில் மூன்று பேர். பத்து கஜச் சங்கிலியின் இரு முனையிலும் இருக்கிற கோல்களை இரண்டு பேர் பிடிப்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் அந்தப் பத்து கஜத்தைக் கடக்க வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மார்லிஸின் வேலை கிளிப். மைதானத்தின் குறுக்கே ஐந்து கஜத்துக்கு ஒன்றாகப் போட்ட வெள்ளைக் கோடுகளில் எதன் மேல் சங்கிலி போகிறதோ, அங்கே சங்கிலியில் மாட்டுவார். சந்தேகம் வந்தால் சங்கிலியை நடு மைதானத்துக்குத் தூக்கிப்போய், கிளிப்பை அதே கோட்டில் வைத்து அளப்பார்கள். கோட்டின் அகலம் நாலு அங்குலம். கிளிப்பை எப்போதும் கோட்டின் பின் ஓரத்தில் மாட்ட வேண்டும் என்பது வழக்கம்.

செப்டம்பர் முதல் ஆட்டத்தில் அவர் அதை முன் ஓரத்தில் மாட்டிவிட்டார்.

வெஸ்ட்ரம் போன ஆண்டு ஒரு வெற்றிகூட இல்லாத அணி. அன்று பதினேழுக்குப் பதினாலு என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம். நாலாவது முயற்சி. பந்தோடு ஓடியவன் கூட்டத்துக்கு அடியில் விழுந்தான். அளந்தார்கள். தலைமை நடுவர் ப்ரூயிட் வழக்கப்படி கிளிப்பைப் பின் ஓரத்தில் வைக்க, பந்து கோலை இரண்டு விரல்கடை தாண்டியிருந்தது. பார்வையாளர் மேடை முழுக்க எழுந்து நின்றது. பந்து கையில் இருந்தால் போதும், நேரத்தைக் கரைத்து ஜெயித்துவிடலாம்.

"ப்ரூயிட்," என்றார் மார்லிஸ். "நான் முன் ஓரத்துல மாட்டிட்டேன். தப்பு என்னோடது."

சங்கிலி நாலு அங்குலம் முன்னே நகர்ந்தது. பந்து இரண்டு விரல்கடை குறைந்தது. எதிரணி பந்தை வாங்கி, கடைசி நிமிடத்தில் மைதானத்தின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்து ஜெயித்துவிட்டுப் போனது.

திங்கட்கிழமை ஆர்லோவின் உணவகத்தில் மார்லிஸ் இறைச்சியும் பீன்ஸும் போட்டுக் காரமாக வேகவைத்த சில்லி கேட்டார். அந்த ஊரில் சில்லி என்றால் பக்கத்தில் இலவங்கப்பட்டை ரோல், அந்த இனிப்பு ரொட்டிச் சுருள், ஒன்று தானாக வரும். ஆர்லோ அதைக் கத்தியால் நறுக்கி, ஒரு துண்டை மட்டும் தட்டில் வைத்தார்.

"மீதி எங்க?"

"நாலு அங்குலம் குறையுது. அளந்து பாரு. உனக்குத்தான் நல்லா அளக்க வருமே."

அணித் தலைவன் கோல்டன் ராஷ், உள்ளூர்க்காரன், கல்லூரியில் கடைசி ஆண்டு. சிறு வயதில் ஏழாம் எண் பேருந்தில் பின் இருக்கையில் ரகளை செய்தவன். அன்றே பேருந்து நிறுத்தத்துக்கே வந்துவிட்டான்.

"நீங்க செஞ்சது சரிதான் மிஸஸ் டீகன். ஆனா ரெண்டு நாளைக்கு உங்ககூட பேச மாட்டேன். இப்பவே சொல்லிடறேன்."

"அப்புறம்?"

"புதன்கிழமை கையாட்டறேன்."

புதன்கிழமை கையாட்டினான். அதுதான் மார்லிஸுக்கு ஆர்லோவின் கத்தியைவிட அதிகம் வலித்தது. இந்தப் பையன்கள் ஜெயிக்க வேண்டிய ஒரே ஆட்டத்தைத் தன் விரல் தட்டிவிட்டது என்று அவருக்கு உறுதியாகத் தெரியும். உண்மை சொன்னதில் வருத்தமில்லை. மாட்டிய இடம்தான் உறுத்தியது.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. ரயில்வே கேட்டில் எப்போதுமே பள்ளிப் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, இரு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்ட பிறகே நகர்த்துவார். இப்போது கிளிப் மாட்டுவதையும் அதே மாதிரி ஆக்கினார். மண்டியிடுவார், கட்டைவிரலைக் கோட்டில் வைப்பார், உரக்கச் சொல்வார்: "பின் ஓரம்." பின் கோலைப் பிடிக்கிற தீவனக் கடை வெர்லின் குனிந்து பார்த்து, "பின் ஓரம்" என்று பதில் சொல்ல வேண்டும்.

"ஏம்மா, ரயில் வருதான்னும் பாத்துடவா?" என்பார் வெர்லின்.

"பாரு. வந்தா சொல்லு."

அக்டோபர் மழையில் ஒன்று, வெளியூரில் மூன்று, சொந்த மைதானத்தில் எதிரணிக்கு ஐம்பது புள்ளி கொடுத்து ஒன்று என்று தோல்விகள் சேர்ந்துகொண்டே போயின. ஒன்பது ஆட்டம், ஒன்பது தோல்வி. நவம்பர் பாதியில் கடைசி ஆட்டம். சோளம் அறுத்த வயல்களைத் தாண்டி வந்த காற்று காதை அறுத்தது.

பதிமூன்றுக்குப் பத்து. முன்னணியில் வெஸ்ட்ரம். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் நாற்பது விநாடி. நாலாவது முயற்சி. ராஷ் முன்வரிசையில் இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போக, அவன் முதுகுக்குப் பின்னாலேயே பந்தோடு ஓடியவனும் போய் விழுந்தான்.

அளக்கச் சொன்னார்கள். நடுவர் அதே ப்ரூயிட். கிளிப்பைப் பின் ஓரத்தில் வைத்தார். பந்து கோலை ஒரு விரல்கடை தாண்டியிருந்தது.

எதிரணிப் பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கே வந்துவிட்டார். செப்டம்பர் கதை எல்லா ஊருக்கும் போயிருந்தது.

"எந்த ஓரம்னு அந்தம்மாவைக் கேளுங்க. போன தடவை மாத்தி மாட்டினவங்கதானே?"

ப்ரூயிட் திரும்பினார். மேடையில் தாரை ஊதுகிறவன்கூட நிறுத்திவிட்டான்.

"மார்லிஸ், சொல்லுங்க. எந்த ஓரம்?"

"பின் ஓரம்."

"அப்படித்தான் சொல்வாங்க," என்றார் பயிற்சியாளர். "அவங்க ஊரு."

"செப்டம்பர்லயும் அவங்க ஊருதான்," என்றார் ப்ரூயிட். "அன்னிக்கு நான் கேக்கவே இல்ல. அவங்களா சொன்னாங்க. நாலு அங்குலத்துக்கு ஒரு ஆட்டத்தையே குடுத்தவங்க, ஒரு அங்குலத்துக்கா பொய் சொல்லப் போறாங்க?" கையை நீட்டி, பந்து வெஸ்ட்ரமுக்கே என்று காட்டினார்.

பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு போனார். நேரம் கரைந்தது. பத்தொன்பது தோல்விகளுக்குப் பிறகு வெஸ்ட்ரம் ஜெயித்தது.

மைதானத்துக்குள் ஊரே இறங்கியது. மார்லிஸ் சங்கிலியைச் சுருட்டி வெர்லினிடம் கொடுத்துவிட்டு அங்கியின் ஜிப்பை இழுத்தார். வரவில்லை. குளிரில் விரல் மரத்திருந்தது. மறுபடி இழுத்தார். பாதியில் துணியைக் கடித்துக்கொண்டு நின்றது.

"அங்கியோட கை தட்டினா யாரு பாக்கப் போறா?" என்றார் வெர்லின்.

"நான் பாப்பேன்."

ஆர்லோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். குனிந்து, ஜிப்போடு மல்லுக்கட்டினார். முடியாமல் போகவே, அங்கியை மார்லிஸின் தலைவழியாக உருவி எடுத்தார். மூக்குக்கண்ணாடி புல்லில் விழுந்தது.

"திங்கக்கிழமை வா," என்றார் ஆர்லோ. "முழுசா ஒண்ணு வெக்கறேன்."

"ரெண்டு. ஒம்பது வாரப் பாக்கி இருக்கு."

அதற்குள் ஆரவாரம் அடங்கி, ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். மார்லிஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கை தட்ட ஆரம்பித்தார். தனியாக, கம்பளிக் கையுறை இல்லாமல், படபடவென்று. கடைசியாகப் போய்க்கொண்டிருந்த ராஷ் சத்தம் கேட்டுத் திரும்பினான். தலைக்கவசத்தை உயர்த்திக் காட்டினான்.

"மிஸஸ் டீகன், இன்னிக்கு சனிக்கிழமை. கையாட்டறதுக்குப் புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.