போ என்று சொன்ன நாள்

முழ நீளத்தில் ஒரு நீலத் துணி, அதில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். ஐஸ் ஹொக்கி வீரரின் ஜேர்சியில் முதுகுப்பக்கம் தைப்பது. அதை நூல் பிரித்து எடுத்து, மடியில் வைத்து நீவிக்கொண்டிருக்கும் தையல் அன்ரிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். ரொறன்ரோவில் ஒரு ஹொக்கி அரங்கின் கீழ்த்தளத்தில் நான் அணியின் உடுப்புத் தோய்த்தேன், அவர் தைத்தார். இருவருக்கும் ஒரே அறை. நான் அதிகம் பேசாதவன். அவர் எனக்கும் சேர்த்துப் பேசினார்.

எங்களுடையது நடுத்தட்டு அணி. மேலே, தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கிற பெரிய லீக். கீழே, நாள் முழுக்க பஸ்ஸில் இருந்து சின்ன ஊர்களுக்குப் போய் விளையாடுகிற லீக். மேலே ஒருவர் காயப்பட்டால் எங்களிடமிருந்து ஒருவர் ஏறுவார், அந்த இடத்துக்குக் கீழேயிருந்து ஒருவர் வருவார். காயம் ஆறினால் அதே படிகளில் இருவரும் இறங்க வேண்டும். இதையெல்லாம் உடுப்புப் பைகளைப் பார்த்தே பழகிக்கொண்டேன். கீழேயிருந்து வருபவரின் பையில் ஒட்டுப்போட்ட கையுறை இருக்கும். ஆள் சிரித்துக்கொண்டே இருப்பார். மேலேயிருந்து இறங்கியவரின் உடுப்பு நல்ல துணி. ஒரு கிழமைக்கு யாரோடும் பேசமாட்டார். விளையாட்டில் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டேன். “எல்லா இடமும் ஒரே ஐஸ்தான் தம்பி. மேல போகப் போக யோசிக்க நேரமில்லை” என்றார் அன்ரி.

எங்கள் கோல்கீப்பர் கீழே மூன்று வருடம், எங்களிடம் நான்கு வருடம் விளையாடியவர். முப்பதை நெருங்கிவிட்டார். இனியும் கூப்பிடாவிட்டால் மேலே போகாமலே ஆட்டம் முடிந்துவிடும். அன்ரி வீட்டில் பொரித்துக்கொண்டு வரும் ரோல்ஸ் சாப்பிட எங்கள் அறைக்கு வருவார். “என்ர மூத்தவன்” என்பார் அன்ரி.

ஒரு மத்தியானம் அழைப்பு வந்தது. அவர் ஓடிவந்து எங்களிடம் சொன்னார். அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய ஜேர்சியிலிருந்து பெயரைப் பிரித்தார். நான் சந்தோஷத்தில், தெரிந்த ஆங்கிலத்தில், நம் வழக்கப்படி “போயிட்டு வாங்கோ” என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும் அன்ரி என் பக்கம் திரும்பினார்.

“விசரே தம்பி உமக்கு? வா எண்டே சொன்னனீர்? அவன் திரும்பி வந்தா என்ன அர்த்தம்?”

“பின்ன போ எண்டே அன்ரி சொல்லுறது?”

“ஓம், போ எண்டுதான் சொல்லவேணும். வேற ஆருக்கும் சொல்லாதையும். மேல போற உவங்களுக்குச் சொல்லும்.”

பத்தே நாளில் அவர் திரும்பி வந்தார். அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நான் உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்ரி பெயரை மறுபடி தைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, “அங்கத்தைக் கோல்கீப்பரின்ர கால் சுகமாப் போச்சு, அதுதான். உம்மட வாயில ஒண்டுமில்லை” என்று ஒரு ரோல்ஸை என் பக்கம் தள்ளினார். எனக்கு மனம் ஆறவில்லை.

பனி கரையும் காலத்தில் இரண்டாவது அழைப்பு வந்தது. அவர் வாசலில் நின்று என்னையே பார்த்துச் சிரித்தார். அன்ரி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற என் பிள்ளைகளுக்குக்கூட நான் அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னதில்லை.

“சொல்லுமன்! அவனுக்கு நேரம் போகுது” என்றார் அன்ரி.

“போ” என்றேன். அவர் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார். பிறகு மேலேயிருந்து இறங்கவே இல்லை.

இப்போது பெயர்கள் கடையிலிருந்தே ஒட்டி வருகின்றன. அன்ரி மிசிசாகாவில் மகளோடு இருக்கிறார். அந்தக் கோல்கீப்பருக்கும் வயது ஏறுகிறது. தொலைக்காட்சியில் அவர் லேசாகத் தடுக்கக்கூடிய கோல் ஒன்றை விட்டுவிட்டால் உடனே என் போன் அடிக்கும்.

“தம்பி, நீர் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?”

“நான் வாயே திறக்கேல்லை அன்ரி.”