தீப்பெட்டி அட்டைக் கம்மல்

வீணாகும் அட்டையில் கம்மலும் ஜிமிக்கியும் செய்து விற்கிறேன். கோவில்பட்டியில் தண்ணீருக்குப் பஞ்சம் வரும், தீப்பெட்டி அட்டைக்கு வராது. அச்சு கலங்கியது, மடிப்பு கோணியது என்று கம்பெனிகள் கழிப்பதைப் பழைய பேப்பர் கடை அண்ணாச்சி எனக்காக எடுத்து வைப்பார்.

ஒரு சித்திரை மாத மத்தியானம் அவர் கொடுத்துவிட்ட சாக்கைக் கூடத்தில் கொட்டினேன். மூன்று வயது மகள் குவியல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில், கம்மலுக்குப் பூசும் வார்னிஷ் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, பிரஷ் எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன்.

அவள் கையில் ஒரு தீக்குச்சி, மருந்தோடு. மறு கையில் உரசும் பட்டை ஒட்டிய அட்டை.

அப்போதுதான் குவியலைச் சரியாகப் பார்த்தேன். அட்டைகளுக்கு இடையே கொத்துக் கொத்தாகத் தீக்குச்சிகள். அதன்மேல் நைலான் கவுனோடு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

கத்தினால் பயத்தில் உரசிவிடுவாள். ஓடினால் விளையாட்டென்று உருளுவாள்.

"ஏட்டி, அம்மா ஒண்ணு தாரேன், ரெண்டு கையையும் நீட்டு."

"மாட்டேன். நான் விளக்கு பொருத்துதேன்."

பேசிக்கொண்டே நெருங்கினேன். அவள் உரசினாள். பற்றவில்லை. மறுபடி கையை ஓங்கினாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அதற்குள் குச்சி பற்றிக் கீழே விழுந்தது.

பின்னால் சீறும் சத்தம். திரும்பாமல் தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு வந்தார்.

"உள்ள போவாதீங்க, வார்னிஷ் இருக்கு!"

அவர் வாசலில் நின்றபடியே தண்ணீரை வீசினார். மறுபடி ஓடிப்போய் இன்னொரு குடம் கொண்டுவந்தார். டப்பா எப்போது பற்றுமோ என்று பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டு நின்றேன். தீ அந்தப் பக்கம் போகவில்லை. புகை அடங்கியபோது தரை கருகி, ஜன்னல் திரை பாதி இல்லாமல் இருந்தது.

மகளைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தேன். கவுன் ஓரத்தில் மிளகளவு ஓட்டை. தோலில் ஒன்றுமில்லை. "இன்னொரு குச்சி தா" என்றாள். அதைக் கேட்டதும் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். "குடோன்ல சாக்கு மாறிட்டும்மா," என்றார்.

தொழிலை விடவில்லை. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில், ஒவ்வொரு அட்டையாகப் பிரித்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் வீட்டில் அவள் சத்தம் கொஞ்சநேரம் கேட்காவிட்டால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடுகிறேன்.