அப்பா பிடித்துக்கொண்ட வார்த்தை

அப்பா பஸ் டிரைவர். ஓர் ஐப்பசி மழையில், திருவேங்கடம் ரோட்டில் அவருடைய பைக் கரிசல் சகதியில் வழுக்கி இடது கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த அன்று நானும் அம்மாவும் உடன் இருந்தோம். வெளியே வந்தது அப்பாவின் கால் போலவே இல்லை. கெண்டைச்சதை வற்றி, தோல் தொளதொளவென்று கிடந்தது.

“அட்ரோபி. நடக்க நடக்கச் சரியாயிரும்” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இப்படிச் சூம்பிப் போச்சே” என்றாள். அப்பா வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது கல்லூரியில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாருல்லா, அதுக்கு என்ன அர்த்தம்?”

“வேலை குடுக்காத சதை மெலிஞ்சு போறதுப்பா.”

“வேலை குடுத்தா?”

“திரும்ப வரும்.”

“அப்ப அதையே சொல்லுங்க. சூம்பிப் போச்சுன்னு இந்த வீட்ல யாரும் சொல்லக் கூடாது.”

இரண்டுக்கும் ஒரே பொருள்தான். ஆனால் அம்மாவின் சொல்லில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. டாக்டரின் சொல்லில் அப்பாவுக்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது.

அப்பாவோடு ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர் மாமா சாயங்காலம் தவறாமல் வருவார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா ரத வீதியைச் சுற்றுவார். வார்த்தை மாமாவுக்கும் தொற்றிக்கொண்டது.

“நம்ம வண்டி பேட்டரியும் அட்ரோபி ஆயிட்டு அண்ணாச்சி.”

“பேட்டரிக்கு அப்படிச் சொல்ல மாட்டாங்க மாமா. சதைக்குச் சொல்லலாம். பழகாம விட்ட பாட்டு, படிப்புக்கும் சொல்லலாம்” என்பேன்.

“அப்ப என் படிப்புக்குச் சரியா இருக்கும் தாயி.”

அப்பா வாய்விட்டுச் சிரிப்பார்.

மாசியில் அவர் டூட்டிக்குத் திரும்பினார். ராயகிரிக்குப் போகும் வண்டி. நானும் அம்மாவும் அவரிடம் சொல்லாமல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தோம். கிளட்ச்சை மிதித்த அந்த இடது கால் நடுங்கியிருக்க வேண்டும். வண்டி குலுங்கி நின்றுவிட்டது. மாமா விசிலை வாயில் வைத்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். அப்பா மறுபடி ஸ்டார்ட் செய்தார். இந்த முறை வண்டி மெதுவாக நகர்ந்து, ஸ்டாண்டை விட்டு வளைந்து வெளியே வந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டிக்கெட் போட வந்த மாமா எங்களைப் பார்த்துவிட்டார். “அண்ணாச்சி, வீட்ல உள்ளவங்க வந்திருக்காங்க. பாத்துப் போங்க!” என்று முன்னால் பார்த்துக் கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

இப்போது இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். எத்தனையோ ஊர்களுக்குப் போய்வந்துவிட்டேன். அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே ராயகிரி வரை போன அன்று போல வேறெந்தப் பயணத்திலும் நான் சந்தோஷமாக இருந்ததில்லை.