புருல் பார்க்க மறுத்த முகம்

எங்கள் பக்கத்து வீட்டுப் புருலுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது பசுவா மனுஷியா என்று தெரியாது. வயது ஐம்பத்தெட்டு. இலையுதிர் காலத்தில் எங்கள் கராகோல் ஊருக்கு மேலே மலைக்காட்டில் ஏறி, நாற்றங்காலுக்காக ஊசியிலை மரக் காய்களைப் பறிப்பது அவள் பிழைப்பு.

மூன்று வருடத்துக்கு முன்பு அவள் மகன் மெதெர், தாயிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சல்கினை மணந்து கூட்டிவந்தான். புதுப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தோம். புதுப்பெண்ணோ குழந்தையோ, முதல்முறை முகம் பார்க்கிறவர் சீர் கொடுப்பது எங்கள் வழக்கம்; அப்படியே கொடுத்துவிட்டு ஊரே முகம் பார்த்தது. புருல் மட்டும் திரைப்பக்கமே திரும்பவில்லை. மறுநாள் இருவரும் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போய்விட்டார்கள்.

இந்தச் செப்டம்பரில் ஒருநாள் காலை கைக்குழந்தையோடு வந்தார்கள். அன்று மத்தியானமே திரும்பிப் போக வேன். பிறகு மாஸ்கோவில் வேலை, இரண்டு வருடம் திரும்ப முடியாது. புருலோ வீம்புக்கு விடியும் முன்பே காட்டுக்குப் போய்விட்டாள். பேத்தி முகம் இழுத்ததோ என்னவோ, பதினொரு மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். காய் பறித்த கையால், மூக்கில் வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டிருக்கிறாள். காயின் பிசின் அதில் அப்பிக்கொண்டது. முக்காட்டால் தேய்க்கத் தேய்க்கப் பரவி, நூலும் தூசியும் சேர்ந்து இரண்டு கண்ணும் மறைந்துவிட்டன.

"எங்கடா குழந்தை?" என்றாள், கதவுநிலையைத் தடவிக்கொண்டு.

"உன் மூக்குக்கு நேரா இருக்கா அம்மா," என்றான் மெதெர். "இந்தக் கண்ணாடியில, தந்தூர் அடுப்புச் சுவர்ல மாதிரி, ரொட்டி ஒட்டிச் சுடலாம் போல."

"வாயை மூடுடா. ஏ ஜூரா, உன் பொண்ணு நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வச்சிருப்பாளே, ஓடிப்போய் எடுத்துட்டு வா."

அவர்களை வழியனுப்ப வந்திருந்த நான் எழுந்தேன்.

"வேணாம் அத்தை!" என்றாள் சல்கின். "இது பிளாஸ்டிக். அது பட்டா வெந்து வெள்ளையாயிடும்."

மாமியாரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. புருல் கண்ணாடியைக் கழற்றி, குரல் வந்த திசையில் நீட்டினாள்.

"அப்ப நீயே எடு. பெரிய டாக்டரம்மா."

சல்கின் குழந்தையைக் கணவனிடம் கொடுத்தாள். உருக்கிய வெண்ணெயை விரல் நுனியில் தொட்டுக் கண்ணாடியில் பூசி, அழுத்தாமல் சுற்றிச் சுற்றித் தடவினாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டாள். பிசின் இளகியதும் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். மறுபடி பூசினாள். தெருவில் வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் அவசரப்படவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் துடைத்துத் தானே மாமியார் காதில் மாட்டிவிட்டாள்.

மெதெர் குழந்தையை முன்னால் நீட்டினான். ஆனால் ஒரு சாண் தூரத்தில் இருந்தது சல்கினின் முகம். புருலின் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. கன்னத்தில் சின்ன மச்சம், தூங்காத கண்கள், பயம். ஒரு பெண்ணை மூன்று வருடம் இப்படிப் பயந்தபடியே வைத்திருக்கிறோமே என்று அந்த நொடியில் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

பேத்திக்கென்று முந்திய நாளே துணியில் முடிந்து வைத்திருந்த வெள்ளித் தோடுகளை மடியிலிருந்து எடுத்தாள். அவை அவள் தாயுடையவை. சல்கினின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"முதல்ல உன் முகத்தைத்தானே பார்த்தேன். உனக்குத்தான் சீர்."

சல்கின் குனிந்து வணங்கினாள். நிமிர முடியாமல் அழுதாள்.

"அப்ப என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றான் மெதெர்.

புருல் குழந்தையை வாங்கி, முகத்தோடு முகம் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"செம்பட்டைக் குதிரை சினையா இருக்கு. வசந்தத்துல போடற குட்டி இவளுக்கு. நான் அனுப்பமாட்டேன்," என்றாள். "இவளே வந்து ஓட்டிக்கிட்டுப் போகட்டும்."