நிதானம் போட்ட திருகாணி

நிதானம் என்றால் படகுத்துறையில் எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எதிர்த் தீவுக்கு ஆள் ஏற்றுகிற படகுகளில் அவருடையதும் ஒன்று. எதையும் முழுசாகத் திறந்துவிடுவது அவருக்கு ஆகாது. வீட்டு மின்விசிறி மூன்றாம் எண்ணைத் தாண்டாது. குளியலறைக் குழாய் அரைத் திருகுக்கு மேல் திரும்பாது. வாசல் கேட் ஒல்லியான ஆள் நுழையும் அளவுக்குத்தான் விலகும். மூத்த மகளின் மாமனார், கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர், சம்பந்தம் பேச வந்த அன்றே பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டார். எல்லா இடத்திலும் அவர் தடையாகப் போட்ட ஒரு திருகாணி இருக்கும். அது ஆட்டம் கண்டு சத்தம் போடாமலிருக்க, அடியில் பழைய செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பர்த் துண்டு இருக்கும். ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

அப்பேர்ப்பட்டவருக்கு வேகம் வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேரோடு இருபது நிமிஷத்துக்குள் தீவைத் தொடாத படகுக்கு இனி உரிமம் கிடையாது என்று துறைமுக அலுவலகம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. இவர் படகு முப்பத்தைந்து நிமிஷம் எடுக்கும். உரிமம் போனால் இருபத்தாறு வருஷத் தொழில் போச்சு.

பழைய இன்ஜினுக்கு ஆயுசு முடிந்துவிட்டதென்று அவரே தீர்ப்புச் சொல்லி, அதை மனைவியின் தம்பிக்குத் தானம் செய்தார். ஒன்றரை மடங்கு பலமுள்ள புது இன்ஜின் வந்தது. மாட்டியவர் இன்ஜின் மெக்கானிக்கான சகலை. மனைவியின் கூடப்பிறந்த தங்கை புருஷன் அல்ல, சின்னம்மா மகளின் வீட்டுக்காரர். ஆனாலும் சகலை சகலைதான். என்ன கோபம் வந்தாலும் அவர் அதை விழுங்கிக்கொண்டு வேலை செய்தே ஆகவேண்டும். "வேகம் கூட்டுற கைப்பிடிப் பெட்டி பழசா இருக்கே, மாத்திரலாமா?" என்று கேட்டார் சகலை. "நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் தொடுறீங்க" என்றார் நிதானம்.

பன்னிரண்டு மணல் மூட்டையை ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். கைப்பிடியை முன்னால் தள்ளியதும் படகு மூக்கைத் தூக்கியது. தூக்கிய மூக்கோடு, எங்கே போகலாம் என்று யோசிக்கிற மாதிரி நகர்ந்தது. முப்பத்தொரு நிமிஷம். புது இன்ஜின் சாதித்தது நாலே நிமிஷம்.

சகலை வைத்தியம் ஆரம்பித்தார். முதல் நாள், தண்ணீரைத் தள்ளுகிற சுழலியின் மேல் பழியைப் போட்டு வேறு மாட்டினார். மாற்றமில்லை. இரண்டாம் நாள் படகைக் கரையேற்றி அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டினார். படகு அழகானது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் எண்ணெய்க் குழாய், வடிகட்டி எல்லாம் புதுசு. சுற்று காட்டும் முள் மூவாயிரத்து ஐந்நூறில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறாயிரத்தை நெருங்க வேண்டிய முள்.

இதற்கு நடுவில், ஆயுசு முடிந்த இன்ஜினைத் தன் மீன்படகில் மாட்டிக்கொண்ட மச்சான், தினமும் பக்கத்தில் சீறிக்கொண்டு போனான்.

"என்ன மாமா, நங்கூரம் போட்டுட்டு ஓட்டுறீங்களா?"

"அந்த இன்ஜினுக்கு என்னடா பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. மாட்டினேன், பறக்குது. நீங்க தூக்கிப் போட்டதாச்சே, ரோஷம் போல."

மறுநாள் சோதனை. அன்று மதியம் படகு துறையில் கட்டிக் கிடந்தது. மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து உட்கார்ந்திருந்தார். மச்சானும் அனுதாபம் காட்ட வந்திருந்தான். அவனுக்கு அன்று வேறு வேலை இல்லை. சகலை இன்ஜினை அணைத்து, மூடியைக் கழற்றி, உள்ளே தலையை விட்டபடி நிதானத்திடம் சொன்னார்:

"சகலை, கைப்பிடியை முழுசாத் தள்ளுங்க."

"தள்ளிட்டேன்."

"முழுசா?"

"இதுக்கு மேல போகாதுங்க. என்னைக்கும் இவ்வளவுதான் போகும்."

சகலை தலையை வெளியே எடுத்தார். "இங்க கைப்பிடி இழுக்கிற வால்வு பாதிதான் திறக்குது. இன்ஜின்ல ஒண்ணுமில்ல. கோளாறு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. திருப்புளி குடுங்க."

திருப்புளி என்ற சொல் காதில் விழுந்ததும்தான் நிதானத்துக்கு ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் காய்ச்சலில் படுத்த பத்து நாள், மச்சான்தான் படகை ஓட்டினான். முதல் நாளே தீவுப் பள்ளித் தலைமையாசிரியரைத் தொப்பலாக நனைத்து இறக்கிவிட்டான். மறுநாள் விடியற்காலை இவர் போர்வையோடு துறைக்கு வந்து ஒரு காரியம் செய்தார். மனைவி மனசு நோகுமென்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு தானும் மறந்துபோனார். பாதிக்கு மேல் தள்ளுகிற வழக்கமே இல்லாதவருக்குப் பாதியில் தடை இருப்பது எப்படித் தெரியும்?

"பெட்டியை விடுங்க சகலை. சுழலியை இன்னொரு தடவை பாப்போம்."

சகலை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, துரு ஏறாமல், ஒரு திருகாணி. அடியில் வட்டமாக ஒரு நீல ரப்பர்.

மனைவி எட்டிப் பார்த்தார். "இது என் செருப்பு. ஒத்தைச் செருப்பைக் காணோம்னு எத்தனை நாள் தேடினேன். நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னது நீங்கதானே?"

"எதுக்கு மாமா இது?" என்றான் மச்சான்.

பொய் சொல்ல நேரமிருந்தது. சொன்னால் நம்பத்தான் ஆளில்லை. "உனக்காகத்தான் போட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

மச்சானுக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனால் நல்ல இன்ஜினுக்கு ஒன்பது வருஷம் கால்கட்டுப் போட்டு, அதைக் கிழமென்று திட்டி, கடைசியில் தனக்கே தானம் செய்தவரிடம் எப்படிக் கோபப்படுவது? கரையில் உட்கார்ந்து சிரித்தான். சகலை சிரிக்கவில்லை. சிப்பி சுரண்டிய முழங்கையைத் தடவிக்கொண்டே, வீணாகக் கழற்றிய பழைய சுழலியை எடுத்து மறுபடி மாட்டினார்.

சோதனை அன்று பன்னிரண்டு பேர் ஏறினார்கள். மச்சான் அதில் ஒருவன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். நிதானம் கைப்பிடியைத் தள்ளினார். திருகாணி இல்லை, தடையில்லை, ஆனால் கை பாதியிலேயே நின்றது. படகு மூக்கைத் தூக்கி யோசிக்க ஆரம்பித்தது.

"தள்ளுங்க மாமா."

"தள்ளுறேன்டா." கை நகரவில்லை. பெட்டியிலிருந்த திருகாணியைக் கழற்றியாச்சு, தோளுக்குள் இருந்ததை எந்தத் திருப்புளியால் கழற்றுவது? ஆறு நிமிஷம் கரைந்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

நிதானம் எழுந்தார். "நீ வா" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் நல்ல உடம்போடு இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்த முதல் இருக்கை அது. மச்சான் கைப்பிடியைக் கடைசிவரை தள்ளினான். படகு ஒரு உலுக்கு உலுக்கி, வயிறு தண்ணீரில் படாமல் எழுந்து ஓடியது. முன்னால் போய் உட்கார்ந்த நிதானம் தலைமையாசிரியரைப் போலவே நனைந்தார்.

பதினேழு நிமிஷம். அதிகாரி உரிமத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் நிதானத்தின் பேரை எழுதினார். ஓட்டுபவர் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் பேரையே எழுதுங்க" என்றார் நிதானம், சட்டையைப் பிழிந்துகொண்டே.