மறதி உண்டு

‘வேலையில் நல்லவர். மறதி உண்டு. அடிக்கடி நினைவூட்ட வேண்டும்.’

அச்சகத்தின் ஆண்டு மதிப்பீட்டில், எந்த வேலை எந்த இயந்திரத்தில் ஓட வேண்டும் என்று திட்டமிடுகிறவரைப் பற்றி மேலாளர் எழுதியவை இந்த மூன்று வாக்கியங்கள்தாம். முதல் வாக்கியம் திட்டமிடுகிறவர் கண்ணில் பட்டதா என்றே தெரியவில்லை. இரண்டாவது சுருக்கென்று தைத்தது. மறுநாளே கணினியில் நாட்குறிப்பு ஒன்றைத் தொடங்கினார். மை வந்தது, தாள் தீர்ந்தது, யார் என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் சுடச்சுடத் தட்டி வைப்பார். தேடல் கட்டத்தில் ஒரு சொல் போட்டால் போதும், போன வருஷத்துத் தும்மல்கூட வந்து நிற்கும்.

வேலை ஒழுங்குக்கு வந்தது என்னவோ உண்மை. மனிதர்கள்தாம் அவரிடம் வாய் திறக்க யோசித்தார்கள். “நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்?” என்று யாராவது ஆரம்பித்தால், “இருங்க, பார்த்துடலாம்” என்று விசைப்பலகையை இழுப்பார். ‘தேடுபொறி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பயமில்லாமல் அவரிடம் பேசியவர் ஒருவர்தான். மெய்ப்புப் பார்க்கும் பிரிவில் இருந்த அவருடைய தங்கை கணவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தேடுபொறிதான்.

“மச்சான், நான் டீ குடிக்கிறதையுமா ஏத்தறீங்க?” என்று சிரிப்பார். ஏற்றியிருந்தார்.

ஒருநாள், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விளக்கத்தாள் பழைய பதிப்பிலேயே அச்சாகி, கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. அச்சிடச் சொன்னது யார் என்பதற்குக் கையெழுத்து இல்லை. அவசரத்தில் வாயால் சொன்னதோடு சரி. சொன்னவர் தங்கை கணவர். விசாரணைக்கு முன் மாடிப்படியில் மறித்தார்.

“மச்சான், புள்ளைங்க இருக்கு. ஞாபகம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“பார்க்கலாம், வாங்க மாப்ள.”

முதலாளி எதிரே உட்கார்ந்திருந்தார். மேலாளருக்கு விஷயத்தை வளர்க்க விருப்பமில்லை. அன்றைக்கு எல்லோரையும் அவசரப்படுத்தியவர் அவர்தான். வலிய வந்து வழியும் காட்டினார்.

“உங்களுக்குத்தான் மறதியாச்சே சார், ரிப்போர்ட்லயே போட்டிருக்கேனே. ஞாபகம் இல்லைன்னா விடுங்க, இதோட முடிச்சுக்கலாம்.”

தேடுபொறிக்குக் காது சிவந்தது.

“யாருக்கு சார் மறதி?”

மடிக்கணினியைத் திறந்து ‘விளக்கத்தாள்’ என்று தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. உரக்க வாசித்தார்: “பழசும் புதுசும் ஒண்ணுதான் மச்சான், ஓட விடுங்க.” தேதி, நேரம், டீ உட்பட. அதற்கு மேல்வரியில் மேலாளரின் அவசரமும் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் வாசிக்கவில்லை.

அன்று மாலையே தங்கை போன் செய்தாள்.

“மேனேஜரே மறக்கத் தயாரா இருந்தாராமே. உனக்கு மட்டும் ஏண்ணே முடியல?”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். பிறகு அவள் பேசவே இல்லை.

அடுத்த ஆண்டின் மதிப்பீட்டிலும் அதே மூன்று வாக்கியங்கள். மேலாளர் பழையதையே நகலெடுத்து ஒட்டியிருந்தார்.

தனக்கு மறதி இல்லை என்று நிரூபிப்பதற்காக அவர் தங்கை கணவரின் வேலையைப் போக்கினார்.